இந்தியாவின் அடுப்படியை அளந்தவர்

- இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன்



ஆண்டு மலரில் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதப் போகிறேன் என்றதும், விசுவேஸ்வரய்யாவா, அப்துல் கலாமா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அணை கட்டியவரையும் ராக்கெட் விட்டவரையும் நமக்கு நன்றாகத் தெரியும். நான் எடுத்துக்கொண்ட பெரியவர் கட்டி வைத்தது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. இந்த நாட்டில் ஒரு குடும்பம் மாதம் எவ்வளவுக்கு அரிசி வாங்குகிறது, எவ்வளவுக்குத் துணி எடுக்கிறது, இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் உள்ள தூரம் வருஷா வருஷம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதற்கு ஓர் அளவுகோலைச் செய்து வைத்தவர் அவர். பெயர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். வாயில் நுழையக் கொஞ்சம் கஷ்டமான பெயர்தான். ஆனால் புள்ளியியல் படிக்கிறவர்களுக்கு அவர் குலதெய்வம் மாதிரி. அவர் பிறந்த நாளான ஜூன் 29ஐத்தான் 2007 முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

சரி, டிப்ளமோ படிக்கிற நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? நாம் பட்டறையிலும் சர்வே களத்திலும் தினமும் செய்கிற வேலை அளப்பது. அவர் வாழ்நாள் முழுக்கச் செய்ததும் அதேதான். எதை அளந்தார், எப்படி அளந்தார், அளந்ததால் யாருக்கு என்ன பயன் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

பிறப்பும் படிப்பும்

1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். சாதி வித்தியாசம் பார்க்காத பிரம்ம சமாஜக் குடும்பம். வசதிக்கோ படிப்புக்கோ குறைவில்லாத வீடு. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்து 1912இல் பட்டம் பெற்றார். 1913இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் கிங்ஸ் கல்லூரியின் தேவாலயத்தைப் பார்த்து மயங்கி நின்றதில் லண்டன் திரும்பும் ரயிலைத் தவறவிட்டார். அந்தக் கல்லூரியிலேயே சேர்ந்தும் விட்டார். ரயில் போனதும் ஒரு நல்லதுக்குத்தான்!

அங்கேதான் நம்ம ஊர்க்காரர் ஒருவர் அவருக்கு நண்பரானார். கணிதமேதை ராமானுஜன்! 1914இல் கேம்பிரிட்ஜ் வந்த ராமானுஜன் அந்த ஊர்க் குளிரில் ராத்திரி தூங்க முடியாமல் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைப் போர்த்திப் படுத்திருக்கிறார். கட்டிலில் கம்பளிகள் இருந்தன. ஆனால் அவற்றை மெத்தையோடு சேர்த்து இறுக்கமாகச் செருகி வைத்திருந்ததால், உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. கம்பளியை விலக்கி எப்படிப் படுப்பது என்று காட்டிக் கொடுத்தவர் மகலனோபிஸ். உலகமே வியக்கும் மூளைக்கும் ஒரு சின்ன வீட்டு விஷயத்தைப் பக்கத்தில் இருந்து ஒருத்தர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

கப்பலில் படித்த புத்தகம்

1915இல் இந்தியாவுக்குக் கிளம்பும் நேரத்தில் உலகப் போர் காரணமாகப் பயணம் தாமதப்பட்டது. கல்லூரி நூலகத்தில் பொழுது போக்கிக்கொண்டிருந்தபோது ஓர் ஆசிரியர் அவருக்கு பயோமெட்ரிகா என்ற புள்ளியியல் இதழின் தொகுதிகளைக் காட்டினார். படித்ததும் பிடித்துப்போய் ஒரு முழு செட்டையே விலைக்கு வாங்கி, கப்பலில் வரும்போதே படிக்க ஆரம்பித்துவிட்டார். மறுபடி கேம்பிரிட்ஜ் போய் இயற்பியல் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பதுதான் திட்டம். ஆனால் பிரசிடென்சி கல்லூரியில் பாடம் நடத்தக் கூப்பிட்டார்கள். இயற்பியல் வாத்தியாராகவே தங்கிவிட்டார். அப்போது இந்தியாவில் புள்ளியியல் என்று தனியாக ஒரு பாடமே கிடையாது.

சிவில் மாணவர்களுக்குப் பிடித்த ஒரு செய்தி சொல்கிறேன். 1926இல் ஒரிசாவில் பெரிய வெள்ளம். ஆற்றின் படுகை மேடாகிவிட்டது, கரைகளை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் கருதினார்கள். மகலனோபிஸ் சுமார் அறுபது வருஷத்து விவரங்களை எடுத்து அலசினார். படுகை குறிப்பிட்டுச் சொல்லும்படி உயரவில்லை என்று காட்டினார். கண்ணால் பார்த்தும் அனுபவத்தை வைத்தும் சொல்வது ஒரு பக்கம். ஒரே இடத்தை ஒரே முறையில் பல வருஷம் அளந்து பார்த்துச் சொல்வது இன்னொரு பக்கம். பின்னால் அவர் ஏழைகளின் வாழ்க்கையை அளந்ததும் இதே வழியில்தான்.

238 ரூபாய் நிறுவனம்

1931 டிசம்பர் 17ஆம் தேதி கூடிய ஒரு கூட்டத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் உருவானது. பிரசிடென்சி கல்லூரியில் அவருடைய அறைதான் அலுவலகம். முதல் வருஷம் முழுவதற்கும் ஆன செலவு 238 ரூபாய் என்றால் நம்ப முடிகிறதா? 1933இல் சாங்க்யா என்ற ஆராய்ச்சி இதழைத் தொடங்கினார். 1959இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அந்த நிறுவனத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவித்தது. சி. ஆர். ராவ் போன்ற உலகப் புகழ் பெற்ற அறிஞர்கள் வளர்ந்த இடம் அது.

சணல் வயலில் ஒரு பாடம்

1937 முதல் வங்காளத்தில் சணல் எவ்வளவு பயிராகிறது என்று கணக்கிடும் வேலை அவரிடம் வந்தது. ஒவ்வொரு வயலாகப் போய் எண்ணினால் ஆளும் பணமும் ஏராளமாக ஆகும். சில வயல்களை மட்டும், நம் விருப்பப்படி இல்லாமல் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து அளந்தால் போதும் என்றார். யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிகள் சொன்னால் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அரசாங்கக் காகிதத்தில் எழுதினால் சந்தேகம் வந்துவிடுகிறது!

அதையும் சோதித்துப் பார்த்தார்கள். ஓர் ஆண்டின் சணல் விளைச்சல் மாதிரிக் கணக்கெடுப்பில் 75 லட்சத்து 40 ஆயிரம் பேல் என்று வந்தது. வயல் வயலாக எண்ணிய முழுக் கணக்கெடுப்பில் 63 லட்சத்து 4 ஆயிரம் பேல். கடைசியில் சுங்கம், வியாபாரக் கணக்குகளைக் கூட்டிப் பார்த்தால் 75 லட்சத்து 62 ஆயிரம் பேல்! கொஞ்சமாக, ஆனால் கவனமாக அளந்ததுதான் உண்மைக்குப் பக்கத்தில் நின்றது. செலவும் முழுக் கணக்கெடுப்பைவிட மிகக் குறைவு.

இன்னொரு தந்திரமும் செய்தார். ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனிக் குழுக்களை அனுப்புவார். ஒரு குழு எடுத்தது மற்றதற்குத் தெரியாது. இரண்டும் கொண்டுவரும் விடைகளுக்கு இடையே எவ்வளவு வித்தியாசமோ, அதுதான் நம் அளவில் இருக்கும் பிழையின் அடையாளம். லெவலிங் எடுக்கும்போது நாம் சுற்றி வந்து மறுபடி பெஞ்ச் மார்க்கில் முடிப்போம் அல்லவா? அப்போது வரும் வித்தியாசத்தை மறைக்காமல் ஃபீல்டு புக்கில் எழுதுகிறோம். அதே நேர்மையைத்தான் அவர் நாட்டுக் கணக்கில் கொண்டுவந்தார்.

பஞ்சத்தின் கணக்கு

1943இல் வங்காளத்தில் கொடும் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். பஞ்சம் முடிந்தபின் மகலனோபிஸின் ஆட்கள் 386 கிராமங்களில் 15,769 குடும்பங்களை விசாரித்தார்கள். பஞ்சம் எல்லோரையும் ஒரே மாதிரி அடிக்கவில்லை என்பது அதில் தெரிந்தது. விவசாயக் கூலிகள், மீன் பிடிக்கிறவர்கள், வண்டி படகு ஓட்டிப் பிழைத்தவர்கள்தான் அதிகமாக நொறுங்கிப் போனார்கள். கொஞ்சம் நிலம் வைத்திருந்தவர்கள் அதையும் விற்றார்கள். மாகாணம் முழுவதற்கும் ஒரு சராசரி போட்டிருந்தால் இந்த உண்மை தெரிந்திருக்குமா? பிற்காலத்தில் அமர்த்தியா சென் பஞ்சங்களைப் பற்றி ஆராய்ந்தபோது இந்தக் கணக்கு அவருக்குக் கைகொடுத்தது.

வீடு வீடாக

சுதந்திரம் வந்தது. நாட்டின் வருமானம் எவ்வளவு என்றே சரியாகத் தெரியாத நிலை. 1949இல் தேசிய வருமானக் குழு அமைத்தார்கள். தலைவர் மகலனோபிஸ், உறுப்பினர்கள் டி. ஆர். காட்கில், வி. கே. ஆர். வி. ராவ். வேலையை ஆரம்பித்ததும் ஒன்று புரிந்தது. மில் உற்பத்திக்குக் கணக்கு உண்டு, ரயிலுக்குக் கணக்கு உண்டு. கிராமத்து வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை!

அதற்காக 1950இல் பிறந்ததுதான் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு. முதல் சுற்று 1950 அக்டோபரிலிருந்து 1951 மார்ச் வரை, 1,833 கிராமங்களில் நடந்தது. நினைத்துப் பாருங்கள். ரோடு இல்லாத ஊர்கள், காட்டுப் பாதைகள், ஊருக்கு ஊர் வேறு மொழி. படி ஒரு ஊரில் ஒரு அளவு, அடுத்த மாவட்டத்தில் வேறு அளவு. சேர், மணங்கு எல்லாம் அப்படித்தான். அத்தனையையும் ஒரே அளவுக்கு மாற்ற வேண்டும். கம்ப்யூட்டரும் அப்போது கிடையாது. 1956இல்தான் அவருடைய நிறுவனத்துக்கு இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி. 2எம் என்ற கம்ப்யூட்டர் வந்து ஓடத் தொடங்கியது. இந்தியாவின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

வருமானமா, செலவா?

அந்தக் கணக்கெடுப்பில் வீட்டு வருமானத்தைவிட வீட்டுச் செலவுக்குத்தான் முதலிடம். ஏன் என்று சிலருக்குத் தோணலாம். எனக்கு அது உடனே புரிந்தது. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். விண்ணப்பம் நிரப்பும்போது ஆண்டு வருமானம் என்ற கட்டம் வந்ததும் வீடே முழிக்கும். அப்பா கொத்தனார். மழைக்காலத்தில் வேலை இருக்காது, தை பிறந்தால் தொடர்ந்து இருக்கும். மேஸ்திரி சில வாரம் முழுசாகத் தருவார், சில வாரம் பாதி. அம்மா பூ கட்டிக் கொடுப்பதில் வருவது அன்றைக்கே காய்கறிக்குப் போய்விடும். வருஷத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் சாமி சத்தியமாக யாருக்கும் தெரியாது. ஆனால் போன மாதம் எத்தனை கிலோ அரிசி, எண்ணெய் எத்தனை லிட்டர், மளிகைக் கடை நோட்டில் பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். அம்மா பைசா பிசகாமல் சொல்லிவிடுவார்!

நாட்டில் பெரும்பாலான வீடுகள் இப்படித்தானே? பின்னால் சில சுற்றுகளில் வருமானத்தையும் கேட்டுப் பார்த்தார்கள். ஜனங்கள் சொன்ன வருமானம், அவர்களே சொன்ன செலவையும் சேமிப்பையும் கூட்டினால் வருவதைவிடக் குறைவாக இருந்தது. அதனால் செலவே நம்பகமான அளவு என்று ஆயிற்று. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. ஏழை சம்பாதிப்பதை எல்லாம் சாப்பிட்டே தீர்க்கிறான், சில நேரம் கடனும் வாங்குகிறான். பணக்காரன் சம்பாதிப்பதில் ஒரு பங்கைத்தான் செலவழிக்கிறான். ஆகவே செலவை வைத்து அளந்தால் ஏற்றத்தாழ்வு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கேள்வி கேட்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. போன வாரம் எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று கேட்பதா, போன மாதம் என்று கேட்பதா? 1950களின் தொடக்கத்தில் மகலனோபிஸின் குழு இதைச் சோதித்தது. மேற்கு வங்கக் கிராமங்களில் சில வீடுகளில் தானியத்தை நேரில் எடை போட்டார்கள். வேறு வீடுகளில் ஒரு வாரக் கேள்வி, இன்னும் சில வீடுகளில் ஒரு மாதக் கேள்வி. வாரக் கணக்கு கூடுதலாக வந்தது. மாதக் கணக்கே எடைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆகவே 30 நாள் என்று முடிவானது. சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு தலைமுறைக்கும் மேலாக வந்த கணக்குகளுக்கு இதுதான் பெஞ்ச் மார்க்.

கூடுதல் வருமானம் எங்கே போச்சு?

மகலனோபிஸை நாடறியச் செய்தது 1956இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம். எஃகு, கனரக இயந்திரம் போன்றவற்றில் முதலில் பணம் போட்டால்தான் நாடு பின்னால் வேகமாக வளரும் என்பது அவருடைய கணக்கு. நேருவுக்கு அது பிடித்திருந்தது. திட்டம் நடந்தது, தேசிய வருமானமும் கூடியது. அப்போது ஒரு கேள்வி எழுந்தது. கூடின வருமானம் யார் வீட்டுக்குப் போச்சு? நேருவே நாடாளுமன்றத்தில் இதைக் கேட்டார். 1960 அக்டோபரில் வருமானப் பங்கீடு, வாழ்க்கைத்தரம் பற்றி ஆராய ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் யார் தெரியுமா? திட்டத்தை வரைந்த அதே மகலனோபிஸ்!

இந்த இடத்தில் சராசரி என்ற ஏமாற்றுக்காரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு தெருவில் பத்து வீடு. ஒன்பது வீட்டில் மாதம் 5,000 ரூபாய். பத்தாவது வீட்டில் 1,05,000 ரூபாய். சராசரி 15,000! அந்த 15,000 ரூபாய் அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் இல்லை. இந்தக் கோணலை அளக்கத்தான் 1905இல் அமெரிக்கரான லோரன்ஸ் ஒரு வளைகோட்டைத் தந்தார். 1912இல் இத்தாலியரான ஜினி ஓர் எண்ணைத் தந்தார். எல்லோருக்கும் சமமாகப் போனால் ஜினி 0. எல்லாம் ஒருத்தனுக்கே போனால் 1.

1963இல் நம் நாடாளுமன்றத்திலேயே இந்தச் சராசரிச் சண்டை நடந்தது. நாட்டில் 27 கோடி ஜனங்கள் ஒரு நாளைக்கு மூன்று அணாவில் காலம் தள்ளுகிறார்கள் என்றார் ராம் மனோகர் லோகியா. பதினைந்து அணா என்றார் நேரு. அரசுத் தரப்பிலேயே ஏழரை அணா என்று இன்னொரு கணக்கும் வந்தது. பதினைந்து அணா என்பது டாட்டா பிர்லாவையும் சேர்த்துப் போட்ட சராசரி. லோகியா பேசியது அடித்தட்டில் இருக்கும் அறுபது சதவீதத்தைப் பற்றி. யார் சொன்ன அணா சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஓர் ஏழையின் தினச் செலவைப் பற்றி நாட்டின் பிரதமரும் எதிர்க்கட்சிக்காரரும் எண்ணை வைத்துச் சண்டை போட்டார்கள் பாருங்கள், அதுதான் பெரிது.

1964 பிப்ரவரியில் குழுவின் அறிக்கையின் முதல் பாகம் வந்தது. வருமானத்தையும் சொத்தையும் பற்றிய விவரங்கள் போதுமானதாக இல்லை என்பதை அது ஒளிக்கவில்லை. பொருளாதார பலம் சில கைகளில் குவிந்திருக்கிறது, திட்டமிட்ட பொருளாதாரம் நடந்த விதமே பெரிய கம்பெனிகள் வளர உதவியிருக்கிறது என்றும் சொன்னது. தான் வரைந்த திட்டத்தைப் பற்றி இப்படி ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட எத்தனை பேருக்கு மனசு வரும்? அதே ஆண்டில் ஏகபோக விசாரணைக் கமிஷன் அமைந்தது. 1969இல் ஏகபோகத் தடுப்புச் சட்டம் வந்தது.

பத்துப் பங்காக வெட்டு

இரண்டு வருஷங்களை ஒப்பிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. விலைவாசி ஏறிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு மாதம் 20 ரூபாய் செலவழித்தவனும் பத்து வருஷம் கழித்து 20 ரூபாய் செலவழிப்பவனும் ஒன்றா? ரூபாய் என்ற டேப்பே நீண்டு போய்விட்டால் அதை வைத்து எப்படி அளப்பது?

1960இல் மகலனோபிஸ் இதற்கு ஒரு வழி சொன்னார். பிராக்டைல் கிராஃபிகல் அனாலிசிஸ் என்று பெயர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஜனங்களைச் செலவின் வரிசையில் கடைசி ஏழையிலிருந்து முதல் பணக்காரர் வரை நிற்க வையுங்கள். பத்து சமமான பங்காக வெட்டுங்கள். அன்றைய முதல் பங்கை இன்றைய முதல் பங்கோடும், இரண்டாவதை இரண்டாவதோடும் ஒப்பிடுங்கள். ஒவ்வொரு பங்கும் தானியத்துக்குச் செலவில் எத்தனை பங்கு கொடுக்கிறது என்று கிராஃப் போடுங்கள். இரண்டு குழுக்களின் விவரங்களுக்கும் தனித்தனிக் கோடு. அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் உள்ள பரப்பு நம் பிழை. இரண்டு வருஷத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள பரப்பு அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் ஏதோ மாறியிருக்கிறது என்று நம்பலாம். சின்னதாக இருந்தால் பேசாமல் இருக்கணும்! ஏழைகள் முன்னேறிவிட்டார்கள் என்றோ, பின்தங்கிவிட்டார்கள் என்றோ மேடையில் முழங்குவதற்கு முன்னால் இந்தச் சோதனை எவ்வளவு அவசியம்?

குறையும் சொல்ல வேண்டும்

பெரியவர் என்பதற்காகக் குறையை மறைக்கக் கூடாது. இரண்டாம் திட்டம் இயந்திரத்துக்குக் கொடுத்த கவனத்தை விவசாயத்துக்குக் கொடுக்கவில்லை என்ற விமர்சனம் அப்போதே உண்டு. 1960களின் நடுவில் மழை பொய்த்து, அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு நின்றபோது அது இன்னும் பலமாக ஒலித்தது. நிறுவனத்தில் எல்லாவற்றையும் தன் கையிலேயே வைத்துக்கொள்வார் என்றும் சொல்வார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவருடைய திட்டம் ஏழைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று விமர்சனம் செய்தவர்கள் எந்தக் கணக்கை எடுத்தார்கள்? அவரே உண்டாக்கிய மாதிரிக் கணக்கெடுப்பைத்தான். 1971இல் தண்டேகரும் ரத்தும், 1960-61இல் கிராமத்தில் சுமார் 40 சதவீதமும் நகரத்தில் சுமார் 50 சதவீதமும் போதிய உணவுக்கு வழியில்லாமல் இருந்தார்கள் என்று காட்டியதும் அந்தக் கணக்கை வைத்துத்தான். தன் வேலையின் குறையைக் காட்டும் அளவுகோலைத் தானே செய்து நாட்டுக்குக் கொடுத்தவர் அவர். என்னைக் கேட்டால் திட்டத்தைவிட அதுதான் அவருடைய பெரிய கொடை.

கடைசி நாட்கள்

1945இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1968இல் பத்ம விபூஷண் என்று கௌரவங்கள் வந்தன. ஆனால் 1970களின் தொடக்கத்தில் மாதிரிக் கணக்கெடுப்பை அவருடைய நிறுவனத்திடமிருந்து அரசாங்கம் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. பெற்று வளர்த்த பிள்ளையைப் பிரிந்த மாதிரி இருந்திருக்கும். 79 வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்பு, 1972 ஜூன் 28ஆம் தேதி காலமானார். கடைசி வரை வேலையை விடவில்லை.

அவருக்குப் பின்

அவர் வைத்த பெஞ்ச் மார்க்கை அசைத்தால் என்ன ஆகும் என்பதை நாடு 1999-2000இல் பார்த்தது. அந்தச் சுற்றில் சாப்பாட்டுச் செலவை 7 நாளுக்கும் 30 நாளுக்கும் ஒரே வீட்டில் சேர்த்துக் கேட்டார்கள். ஒரு விடை இன்னொன்றைப் பாதித்தது. வறுமை நிஜமாகவே குறைந்ததா, கேள்வி மாறியதால் குறைந்த மாதிரி தெரிகிறதா என்று பல வருஷம் அறிஞர்கள் மோதிக்கொண்டார்கள். 2017-18இல் எடுத்த கணக்கின் முடிவை, தரம் சரியில்லை என்று சொல்லி வெளியிடப் போவதில்லை என 2019இல் அரசு அறிவித்தது. அதனால் 2011-12க்குப் பிறகு 2022-23 வரை நடுவில் பெரிய ஓட்டை.

2011-12இல் செலவின் ஜினி கிராமத்தில் 0.283, நகரத்தில் 0.363. 2022-23இல் கிராமத்தில் 0.266, நகரத்தில் 0.314. 2023-24இல் 0.237, 0.284. பார்த்தால் ஏற்றத்தாழ்வு குறைந்துகொண்டே வருகிற மாதிரி இருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் 2022-23 முதல் ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போய்க் கேட்கிற புது முறை. பழைய எண்ணோடு அப்படியே ஒப்பிடலாமா? முன்னே சொன்னபடி இது செலவின் கணக்கு வேறு. 2004-05இலும் 2011-12இலும் வீடுகளின் வருமானத்தையே விசாரித்த தனி ஆய்வுகளில் ஜினி 0.5ஐத் தாண்டியது. வரிக் கணக்குகளையும் சேர்த்துப் பார்த்து 2024இல் பிக்கெட்டி முதலானோர் வெளியிட்ட ஆய்வில், 2022-23இல் நாட்டின் வருமானத்தில் 22.6 சதவீதம் மேல்தட்டு 1 சதவீதத்தினரிடம் போனதாக வந்திருக்கிறது. நாடு ஒன்று, அளவுகோல் இரண்டு, படமும் இரண்டு!

2026இல் நாடு முழுவதும் வீட்டு வருமானத்தையே கேட்டுக் கணக்கெடுக்கப் போவதாக 2025இல் அரசு அறிவித்தது. மகலனோபிஸ் காலத்தில் முடியாமல் போன கேள்வி அது. கொத்தனாரும் பூக்காரரும் மட்டுமல்ல, பங்களாவாசியும் கதவைத் திறந்து உண்மையைச் சொன்னால்தான் அந்தக் கணக்கு நிற்கும்.

நண்பர்களே! நம்மில் பாதிப்பேர் வீட்டில் நாம்தான் முதல் படிப்பு. நமக்குக் கிடைத்த சலுகை, உதவித்தொகை எல்லாம் எங்கோ ஒருத்தர் ஏழை வீடுகளை எண்ணிக் கணக்கு எழுதியதால் வந்தவை. எண்ணாத வீட்டுக்கு எதுவும் வராது. நாளை நாமும் சைட்டிலோ ஆபீசிலோ உட்கார்ந்து அளவு எழுதப் போகிறவர்கள். ஸ்டாஃபை மாற்றாமல் அளப்போம். பிழை வந்தால் அதையும் சேர்த்து எழுதுவோம். அளவு நமக்குப் பிடிக்காத விடையைச் சொன்னாலும் அழிக்காமல் வைப்போம். அந்த மாமனிதருக்கு ஒரு டிப்ளமோ மாணவன் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.

வாழ்க மகலனோபிஸ் புகழ்!